ஐந்து மாடி தூரத்தில் கறிவேப்பிலை

மைமூன் லாத்தா இறந்த செய்தி எங்கள் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. தண்ணீர் டேங்கர் தாமதமாகும் என்ற தகவலுக்கும், யாரோ காரைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார் என்ற புகாருக்கும் நடுவில் இரண்டே வரி. ஏழாம் மாடி ஆன்ட்டி காலமாகிவிட்டார், மதியம் மூன்று மணி முதல் லிஃப்ட்டை அந்த வீட்டாருக்கு விட்டுக்கொடுக்கவும். நான் கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படித்த பிறகும் மூன்று தாள்கள் திருத்தினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நான்காவது தாளில் மதிப்பெண்ணைக் கூட்டும்போது கூட்டல் வரவில்லை, எழுந்துவிட்டேன். மும்பையின் ஹார்பர் லைன் மின்ரயிலில் செம்பூர் வந்து சேர்வதற்குள் ஆண்கள் அவரை அடக்கம் செய்யக் கபர்ஸ்தானுக்கு எடுத்துப் போய்விட்டிருந்தார்கள்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் கணவர் சாகுல் பாயின் தாராவித் தோல்பைப் பட்டறையில் வேலைபார்த்தவர்களுக்கும், பெருநாளுக்கு முந்தைய நாள் பிரியாணிக்கு இலை கேட்டு வந்து நின்றவர்களுக்கும் அவரோடு பல வருடப் பழக்கம். எனக்கு நான்கே வருடம். உங்களைவிட அதிகம் தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு நான் செய்ததை வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதை விட்டுவிட்டு அஞ்சலி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். மாட்டுங்காவில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல் புதிது. அவரை எல்லோரும் அப்படி அழைத்ததால் நானும் அழைத்தேன். அவர் என்னை டீச்சர் என்றார்.

பட்டறையை விற்றுவிட்டு அவர்கள் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்த ஆண்டில்தான் நான் குடியிருப்போர் சொசைட்டியின் செயலாளரானேன். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதே என் தகுதி. ஏழாம் மாடி வீடுகளுக்குப் பால்கனி கிடையாது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே பெட்டிபோல நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு கிரில் மட்டும்தான். அதில் லாத்தா பழைய பெயின்ட் வாளிகளிலும் எண்ணெய் டின்களிலும் புதினா, கொத்தமல்லி, ஓமவல்லி, கறிவேப்பிலை எல்லாம் வளர்த்தார். பெரிய வாளியொன்றில் ரம்பை இருந்தது. பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் வாசனைக்காகப் போடுகிற நீண்ட இலை அது. மும்பைச் சந்தையில் எளிதில் அகப்படாது. வீட்டில் செடி வைத்திருப்பவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ஆறாம் மாடியில் இருக்கும் மராத்தி அம்மாள், உலர்த்தியிருந்த வெள்ளை விரிப்பில் சேற்றுத் தண்ணீர் சொட்டிவிட்டதென்று என்னிடம் புகார் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான் தனியாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு எழுதினேன். ஜன்னல் கிரில்களில் தொட்டிகள் வைக்கக்கூடாது, வைத்திருப்பவர்கள் ஏழு நாட்களுக்குள் அகற்ற வேண்டும். ஒரு பிரதியைக் கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக்குள் குத்திப் பூட்டினேன். இன்னொன்றை ஏழாம் மாடிக் கதவில் செருகிவரும்படி வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை அந்தத் தாளோடு என் வீட்டு வாசலில் லாத்தா நின்றார். தமிழ் வேகமாக வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. கட்டடத்தில் தமிழ் பேசுகிற இன்னொருத்தி நான்தான் என்று வாட்ச்மேன் அனுப்பியிருக்கிறார்.

"டீச்சர், இத கொஞ்சம் வாசிச்சிச் சொல்லுங்க."

நான் எழுதியதை நானே அவருக்குத் தமிழில் சொன்னேன். ஆங்கிலத்தில் எழுதும்போது உறைக்காத கடுமை தமிழில் சொல்லும்போது வாயில் தடுக்கியது. சொசைட்டிக் கமிட்டி இப்படிச் சொல்லியிருக்கிறது என்று முடித்தேன். அவர் தாளின் அடிப்பகுதியைப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து கமிட்டியோடதா?"

"என்னோடது."

"எழுத்து நல்லா முத்து முத்தா இருக்கு," என்று சொல்லித் தாளை நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழாவது நாள் தொட்டிகள் எல்லாம் படிக்கட்டில் மாடித் திருப்பத்து ஜன்னலருகே வரிசையாக இருந்தன. அதுவும் விதிக்குப் புறம்பானதுதான். இன்னொரு அறிவிப்பு எழுத எனக்குத் தெம்பில்லை. என் வீடு இரண்டாம் மாடி. பால்கனி உண்டு, தண்ணீர் போகக் குழாயும் உண்டு. கொஞ்ச நாளைக்கு அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சொன்னபோது, நான் ஒரு நல்ல காரியம் செய்வதாகவே நினைத்தேன். அடுத்த இரண்டு மூன்று வருடங்களும் அப்படித்தான் நினைத்தேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு வருவார். பேச்சு கிடையாது. கூடத்தைக் கடந்து பால்கனிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றி, வேண்டியதைக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு போவார். நான் காப்பியோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். தனியாக இருந்து பழகியவளுக்கு வீட்டுக்குள் இன்னொருவர் நடமாடுவது தொந்தரவு. அவர் அதைப் புரிந்துகொண்டது போலவே நடந்துகொண்டார். எனக்குப் பாவமாகத் தோன்றும் அளவுக்குப் புதினாவை ஒட்ட வெட்டுவார். ஒருநாள் கேட்டேவிட்டேன். "வெட்ட வெட்டத்தான் டீச்சர் தழையும். பாவம் பாத்து விட்டீங்கன்னா வெறும் குச்சியா நிக்கும்," என்றார். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையை உருவிக்கொண்டு மீதிக் காம்பை அவர் மண்ணில் செருகியதிலிருந்து வந்த செடி அது.

பச்சிலை வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் குடும்பக் குழுக்களில் தினமும் வந்து விழும் கஷாயக் குறிப்புகளைப் படிக்காமலே அழிப்பவள் நான். ஒரு மழைக்காலத்தில் எனக்கு இருமல் விடாமல் இருந்தது. லாத்தா ஓமவல்லி இலையைக் கடலை மாவில் தோய்த்துச் சுட்ட பஜ்ஜி கொண்டுவந்தார். இதனால் இருமல் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நான் சொல்லத் தொடங்கினேன். "இருமலுக்கு டாக்டர்ட்ட போங்க. இது வாய்க்கு," என்றார். மருந்து என்று எந்தச் செடியையும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. சாகுல் பாயின் சர்க்கரைக்கு மாத்திரைதான். யாராவது கறிவேப்பிலைப் பொடி தின்னச் சொன்னால், அது அவர் சோற்றில் மூன்று வேளையும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது என்பார்.

சமையல் பற்றி அவர் எனக்குச் சொன்னது மிகக் குறைவு. நானும் கேட்கவில்லை. ஒருமுறை நான் செய்த குருமாவை ருசி பார்த்துவிட்டு, எத்தனை கிராம்பு போட்டீர்கள் என்று விசாரித்தார். ஆறு என்றேன். "அதான் பல் டாக்டர் ரூம் மாதிரி மணக்கு. ரெண்டுக்கு மேல அது மத்ததப் பேசவிடாது," என்றார். அதன் பிறகு நான் இரண்டுதான் போடுகிறேன்.

அந்த மராத்தி அம்மாளுக்கும் அவருக்கும் சண்டை இருந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை நெய்ச்சோற்று வாசனை கீழே போய், அந்த அம்மாளே மேலே ஏறி வந்து இது ஆம்பேமொஹர் இலைதானே என்று கேட்டிருக்கிறார். கொங்கணத்தில் ரம்பைக்கு அந்தப் பெயர், அவர்கள் வீட்டிலும் சோற்றில் போடுவார்களாம். அன்றிலிருந்து வாரம் இரண்டு இலை ஆறாம் மாடிக்குப் போனது. தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்திருந்தால் தான் புகாரே சொல்லியிருக்கப் போவதில்லை என்று அந்த அம்மாள் என்னிடம் லிஃப்ட்டில் சொன்னார். எனக்குக் கேட்டது. தலையாட்டினேன். மாடி வந்ததும் இறங்கிவிட்டேன்.

லாத்தா என்னிடம் எதையும் கேட்டவரில்லை. ஒருமுறை மட்டும், சாயங்காலம் கறிவேப்பிலைக்காக இறங்கி வந்தபோது, சிரித்துக்கொண்டே சொன்னார்: "எண்ண காஞ்ச பொறவுதான் இல ஞாவம் வருது. அடுப்ப அணச்சிட்டு லிஃப்ட்டுக்கு நிக்கேன். நான் ஏறிப் போறதுக்குள்ள எண்ண ஆறிருது. தாளிக்கதுக்கு லிஃப்ட்ல வாரவ பம்பாயில நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்." அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்றேன். பாருங்க என்றார். அடுத்த மீட்டிங் பெயின்ட் அடிப்பதைப் பற்றி. அதற்கடுத்தது பார்க்கிங். அதற்கும் அடுத்தது என்னவென்று நினைவில்லை. கல்லூரியிலிருந்து வந்து அந்தக் கூட்டங்களில் உட்காரும்போது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதான் இருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்த்துப் பேச்சை வளர்க்க எனக்கு மனம் வந்ததில்லை.

போன வருடம் பழைய லிஃப்ட்டைக் கழற்றிப் புதியது பொருத்தும் வேலை மூன்று மாதம் இழுத்தது. லாத்தாவுக்கு அப்போதே இதயத்துக்கு மாத்திரை. படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழாம் மாடியிலேயே இருந்துவிட்டார். காலையில் நானே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மாலையில் கல்லூரியிலிருந்து வந்ததும் இலைகளைக் கிள்ளிக்கொண்டு ஐந்து மாடி ஏறிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் முழங்காலும் நல்ல நிலையில் இல்லை. என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு மாலை நான் மூச்சு வாங்க நின்றபோது உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"தெனம் ஏறி எறங்குதீங்க. அந்தப் பேப்பர எடுத்துட்டா இந்த லஃப்டா தொல்லையே இல்லல்லா டீச்சர்?"

அது கமிட்டி முடிவு செய்ய வேண்டியது, ஏழு பேர் இருக்கிறார்கள் என்றேன்.

"எழுதும்போது ஏழு பேரும் இருந்தாவளா?"

அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கறிவேப்பிலையை உருவி, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெயில் போட்டார். அது பொரிந்து அடங்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்படி சொன்னார். குடித்துவிட்டு இறங்கினேன்.

புதிய லிஃப்ட் ஓடத் தொடங்கிய பிறகு அவர் முன்போலக் காலை ஆறு மணிக்கு வந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சில மாதங்கள் அப்படியே போயின. இறப்பதற்கு முந்தைய நாள் காலையும் வந்து புதினாவை ஒட்ட வெட்டிவிட்டுப் போனார்.

அவர் இறந்த அன்று நான் மேலே போனபோது வீடு நிறையப் பெண்கள். பெரும்பாலும் தாராவியிலிருந்து வந்தவர்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சாப்பாடு வெளியிலிருந்து வந்தது. ஆறாம் மாடியிலிருந்து வந்த சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் ரம்பை வாசனை வந்தது. ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனேன். மசாலா அலமாரித் தட்டுகளில் காகிதம் விரித்திருந்தார். நாட்காட்டித் தாள்கள், ஒரு கல்யாணப் பத்திரிகை. நடுத்தட்டில் என் அறிவிப்பு. நான்காக மடித்த தடம் அப்படியே இருந்தது. மஞ்சளும் மிளகாயும் ஏறி எழுத்து பாதி மங்கிவிட்டது. கையெழுத்தின் மேல் இருந்த சீரக டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். கோபத்தில் அங்கே விரித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல கெட்டித் தாள், அளவும் சரியாக இருந்திருக்கும். டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

கட்டடத்தில் யார் இறந்தாலும் பலகையில் அறிவிப்பு வைப்பது செயலாளர் வேலை. மறுநாள் காலை பூட்டைத் திறந்தேன். பழைய அறிவிப்பு வெயிலில் வெளுத்து உள்ளே இருந்தது. அதைக் கழற்றிவிட்டு அவர் பெயர் எழுதிய தாளைக் குத்தினேன். கமிட்டியைக் கேட்கவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. ஏன் எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அங்கே இருந்தது யாருக்கும் நினைவிருந்ததாகவும் தெரியவில்லை. ஒரு சாவி, நான்கு குண்டூசி. இவ்வளவுதான் வேலை.

அறிவிப்பை எடுத்த அன்று மாலை கறிவேப்பிலைத் தொட்டியையும் அடியில் வைக்க ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு லிஃப்ட்டில் ஏழாம் மாடிக்குப் போனேன். சாகுல் பாய் கதவைத் திறந்தார். இனி கிரிலில் வைக்கலாம் என்று சொன்னேன். "இங்க இனி யாரு தாளிக்கா டீச்சர்? கீழேயே இருக்கட்டும்," என்றார். திரும்பக் கொண்டுவந்தேன்.

ரம்பை வேண்டுபவர்கள் தயங்காமல் என் வீட்டுக்கு வரலாம். பக்கக் கன்றுகள் நிறைய வந்திருக்கின்றன, பெயர்த்து எடுத்துப் போகலாம். எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியதைச் சொல்கிறேன். என் அடுப்பிலிருந்து பால்கனிக்கு ஆறு அடி. எண்ணெயைக் காயவைத்துவிட்டுப் போய், இலையைக் கிள்ளிக்கொண்டு, கடுகு வெடித்து முடிவதற்குள் திரும்பிவிடுகிறேன். இதைத்தான் அவர் கேட்டார். தினமும் அந்த ஆறு அடியை நடக்கும்போது ஐந்து மாடி நினைவுக்கு வருகிறது. அதை மறக்க நான் முயற்சி செய்யவில்லை.