எல்வா பிடித்து நின்ற படம்

ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவே உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் டயாலிசிஸ் கூடத்தில் எனக்கு அடுத்த நாற்காலி எல்வா நக்கமாராவுடையது. சிறுநீரகம் கெட்டு, பாலைவனத்து ஊரை விட்டு இயந்திரத்துக்காகப் பட்டணம் வந்தவள். என்னைப் போலத்தான். ஊரில் இருந்தவரை, எங்கள் பழங்குடிச் சனங்களே சேர்ந்து நடத்தும் ஓவியக்கூடத்தில் வரைந்தாள். மூதாதையர் விட்டுப்போன புல்விதையின் கதை அவள் தகப்பன் வழியில் வந்தது. அதை வரைய அந்தக் குடும்பத்துக்குத்தான் உரிமை. மற்றவர்கள் தொட மாட்டோம்.

பட்டணத்தில் ஓவியக்கூடத்துக்குப் பதிலாக கீத் இருந்தான். வெள்ளைக்காரன், பட வியாபாரி. இயந்திரத்திலிருந்து இறங்கித் தள்ளாடி வெளியே வந்தால் கார்க் கதவைத் திறந்து வைத்திருப்பான். பொரித்த கோழி வாங்கித் தருவான். அவன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வரைவாள்.

ஒருநாள் ஒரு படத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். வரைந்தவர் படத்தோடு நிற்கிற போட்டோ இருந்தால்தான் வாங்குகிறவர்கள் நம்புவார்கள்.

"கொஞ்சம் சிரிங்க ஆன்ட்டி."

சிரித்தாள். பிறகுதான் குனிந்து பார்த்தாள். "இதை நான் எப்போ போட்டேன்?"

"மெஷின்ல இருந்து வந்தா உங்களுக்கு எதுதான் ஞாபகம் இருக்கு? உங்க படம்தான்."

அடுத்த முறை இயந்திரத்துக்கு வந்தபோது என்னிடம் கேட்டாள். "வரைஞ்சதை யாராவது மறப்பாங்களாடி?"

"நேத்து சாப்பிட்டதையே நான் மறந்துட்டேன்."

"சாப்பாடும் இதுவும் ஒண்ணா?" முறைத்தாள். "கோடெல்லாம் என் கோடு மாதிரிதான் இருக்கு. ஆனா அவசரமா ஓடுது. நான் என்னைக்கு ஓடினேன்?"

அவளுக்குத் தன் புத்திமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. போட்டிருந்த ஸ்வெட்டரையே தேடினாள். நர்ஸின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு, "பார்த்தியா, பார்த்தியா" என்று பயந்தாள்.

பட்டணத்து ஓரத்தில் குடியிருந்த அண்ணன் மகள் டெலீனைப் பார்க்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. டெலீன் நகக்கண்ணில் வெள்ளைச் சாயம்.

"நான்தான் போட்டேன் அத்தை. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கிற நாள்ல என்னைக் கூட்டிட்டுப் போவான்."

"என் பேரை ஏன்டி போட்டே?"

"நான் எங்க போட்டேன்? என் பேரைத்தான் சொன்னேன். 'உன்னை யாருக்குத் தெரியும்?'னு சிரிச்சான்." டெலீன் அழுதுவிட்டாள்.

திட்டப் போன எல்வாவுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கதை டெலீனுக்கும் உரியது. ஊரில் எல்வாவே தன் அக்காவின் பெயரில் போன படங்களுக்குப் புள்ளி வைத்து நிரப்பியிருக்கிறாள். அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை.

டெலீனையும் இழுத்துக்கொண்டு கீத்திடம் போனாள். அவன் அசரவில்லை.

"கதை உங்க குடும்பத்துக் கதை. உங்க முறைப்படி இது சரிதானே ஆன்ட்டி?"

"சரின்னா, இவளையும் பக்கத்துல நிறுத்தி போட்டோ எடு."

"ரெண்டு பேரு நின்னா வாங்குறவங்க குழம்பிடுவாங்க."

"நான் மட்டும் குழம்பலாமா?"

கீத் கார்ச் சாவியை எடுத்து, வீட்டில் விடட்டுமா என்றான். இருவரும் நடந்தே வந்தார்கள்.

"அவன் பேசினது நம்ம பேச்சு மாதிரியேதான் இருந்துச்சு," என்றாள் என்னிடம். "அவன் வாயில வந்ததும் வேற என்னமோ ஆயிடுச்சு. என்னன்னுதான் புரியல."

ஊர் ஓவியக்கூடத்துக்குப் போன் போட்டாள். அவர்கள் சண்டை பிடித்ததில் அந்தப் போட்டோவைக் கீத் நீக்கிவிட்டான். வரைவதற்கு வெறும் கித்தான் துணிகளும் சாயமும் ஊரிலிருந்து லாரியில் வர ஆரம்பித்தன. டெலீன் வரைவதற்கு டெலீன் பெயர், எல்வா வரைவதற்கு எல்வா பெயர். ஆனாலும் சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது எல்வாவின் கண் அந்தக் காரைத் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அத்தையும் மருமகளும் கடைத்தெருவுக்குப் போனார்கள். ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கீத் விற்ற மூன்று புல்விதைப் படங்கள், மூன்றிலும் எல்வா பெயர்.

"நடுவுல இருக்கிறது நீ போட்டது," என்றாள் எல்வா.

"இல்ல அத்தை, அது நீங்க. இடது ஓரத்துல இருக்கிறதுதான் நான்."

"ஓரத்துல இருக்கிறது நான்டி!"

கடைக்காரி வெளியே வந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள்.