கண்ணைக் கட்டிக்கொண்டு பாலைவனம் பார்த்தவர்

தெருவில் அவருக்குப் பெயர் பிரேக் மாமா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்தே தலை நரைத்தவர். அந்த மிதி பள்ளிக்கூடக் காரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆட்டோவில் போனாலும் மிதிப்பார். டிவியில் கதாநாயகன் வில்லனைத் துரத்தினால் சோபாவில் இருந்தபடியே மிதிப்பார். விமானம் தரையிறங்கியபோது அவர் மிதித்த மிதியில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அது நின்றதும் மனைவியிடம், "பாத்தியா, நின்னுடுச்சு" என்று பெருமை வேறு.

இப்படிப்பட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடுமுறைக்கு வந்த அந்நிய தேசத்தில், வாடகைக் காரில் பாலைவனத்தைக் கடக்கலாம் என்று கிளம்பினாள் மகள். அவரிடம் ஒரே ஒரு நாள் பாடம் கேட்டு, வாங்கிய திட்டில் அழுதுகொண்டே இறங்கி, எதிர்த்தெருப் போட்டிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தவள். அவள் ஓட்டி அவர் உட்கார்ந்தது அதற்குப் பிறகு இல்லை.

"அவளாவே கூப்பிடுறா. வாயத் திறந்து கெடுத்துடாதீங்க" என்று மனைவி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

கிளம்பும்போதே கோளாறு. அந்த நாட்டில் ஸ்டியரிங் இடப்பக்கம். பழக்கதோஷத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறியவர், எதிரே ஸ்டியரிங்கைக் கண்டதும், பிறர் வீட்டுக் கட்டிலில் படுத்துவிட்டவர்போல் துள்ளி எழுந்தார்.

ஊர் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"கண்ணாடியப் பாரு."

"பாத்துட்டேன்பா."

"ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்."

"ரோட்டுல ஒருத்தரும் இல்லப்பா."

"இல்லாதவன்தாம்மா திடீர்னு வருவான்."

பேச்சோடு காலும் சேர்ந்துகொண்டது. வளைவுக்கு ஒரு மிதி, லாரிக்கு இரண்டு மிதி. காரின் தரைவிரிப்பு சுருண்டு அவர் முட்டிவரை ஏறிவந்தது. பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு மகள் அவர் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குப் பயமே வந்திருக்காது.

"அடுத்த ஊர்ல இந்தக் கம்பெனிக்கு ஆபீஸ் இருக்கு. அதுக்குள்ள இன்னும் ஒரு தடவ இப்படிப் பண்ணீங்கன்னா, சாவியக் குடுத்துட்டு பஸ் ஏறிடலாம். இனிமே உங்கள வச்சு நான் ஓட்டவே மாட்டேன்."

"நான் பேசலம்மா, கால்தான்…"

"கால் பேசினாலும் அதேதான்."

காரை விட்டு இறங்கி, வெயிலில் கண்ணை இமைத்தபடி நின்று அவர் யோசித்தார். கண் பார்ப்பதால்தான் கால் மிதிக்கிறது. கால் மிதித்தும் கார் நிற்காததால்தான் வாய் திறக்கிறது. ஆக, குற்றவாளி கண். மனைவியிடமிருந்து துண்டை வாங்கி, கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் தடவித் தடவி ஏறினார்.

பெட்ரோல் போட்டவர், ஆளைக் கடத்திக்கொண்டு போகிறார்களோ என்று குனிந்து எட்டிப் பார்த்தார். மனைவி அவருக்கு ஒரு கும்பிடும் ஒரு சிரிப்பும் கொடுத்துச் சமாளித்தாள்.

"இவ்ளோ செலவு பண்ணி வந்தது இதுக்காங்க?" என்றாள் கணவரிடம்.

"நீ பாத்துச் சொல்லு. போதும்."

அவளும் பின்சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். மணல்மேடு, பிறகு அதைவிடப் பெரிய மணல்மேடு, பிறகு ஒட்டகங்கள்.

"ரோட்டுலயா?" என்று அலறினார்.

"அப்பா!"

"கேள்விதானேம்மா கேட்டேன்."

"ஓரத்துலதாங்க நிக்குது. ஏய், கொஞ்சம் நிறுத்துடி, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

கார் வேகம் தணிந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். இண்டிகேட்டர். துண்டுக்குள் அவர் புருவம் உயர்ந்தது.

"பின்னால வண்டி ஏதாவது வருதா?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

"இல்லையே."

"முன்னால?"

"ஈ காக்கா இல்லங்க."

போட்டோ எடுத்து முடித்துக் கிளம்பும்போதும் டிக், டிக். "தலையத் திருப்பித் திருப்பி எதையோ பாக்குறா, அங்க யாருமே இல்ல" என்றாள் மனைவி.

ஆளே இல்லாவிட்டாலும் இண்டிகேட்டர் போடு, திரும்பிப் பார் என்று சொல்லிச் சொல்லி அவர் தொண்டை கட்டாத மாதம் கிடையாது. தேர்வு அதிகாரி உட்கார்ந்தால் எல்லாரும் செய்வார்கள். அவர் இறங்கினால் மறந்துவிடுவார்கள். இவளோ, ஒட்டகத்தைத் தவிர சாட்சியே இல்லாத இடத்தில் போடுகிறாள்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான், அந்தப் போட்டிக்காரன்" என்றார், கசப்பு மருந்தை விழுங்குபவர்போல.

மகள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவர் அதப்பத்திப் பேசினதே இல்லப்பா. அன்னிக்கு உங்ககிட்ட வாங்கின திட்டு. இன்னும் காதுல கேக்குது."

அவர் துண்டை அவிழ்த்தார். வெளிச்சத்தில் கண் கூசியது. தாழ்வான கட்டடங்கள் வரத் தொடங்கியிருந்தன. வாடகைக் கார் கம்பெனியின் பலகை பெரிதாகிப் பெரிதாகி அருகே வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மகள் வேகத்தைக் குறைக்கவில்லை. பலகை பின்னால் போனது.

"இங்க அம்பதுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கே…" என்று ஆரம்பித்தவர் கப்பென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாப்பத்தெட்டுலதான்பா போறேன்" என்று மகள் சிரித்தாள்.

"துண்டு வேணுமாங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"வேணாம்" என்றார். கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பி, பக்கவாட்டு ஜன்னல் வழியே, கட்டடங்களுக்கு அப்பால் தெரிந்த மணலை வெறிக்கத் தொடங்கினார். "இதையும் கொஞ்சம் பாப்போம்."