கேபினெட்டுக்கு ஒரு சட்டை

போன கோடையில் என் கம்ப்யூட்டருக்கு ஒரு பழக்கம் வந்தது. வெயில் ஏறியதும் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துப் பிழைக்கிறவன். அடுத்தவர் எழுதியதை இழுத்து, நறுக்கி, படங்களோடு உட்காரவைத்துக்கொண்டிருக்கும்போது திரை கருத்துவிட்டால், அதில் தெரிகிற என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது எந்த வயதிலும் பெரிய காட்சியாக இருந்ததில்லை. ஐம்பதை நெருங்கும்போது கேட்கவே வேண்டாம்.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு. எங்கள் தெருவுக்குப் பின்னால் நூல் மில். பறக்கிற பஞ்சில் பாதி எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது.

“ஒரு தலகாணிக்குக் காணும் சார்,” என்றார். “வயரெல்லாம் ஃபேனுக்கு முன்னால கெடக்கு. காத்து எங்கிட்டுப் போகும்? இந்தப் பெட்டிய, அதான் கேபினெட்ட, மாத்துங்க. முன்னால வலை வச்சதாப் பாருங்க.” பிறகு நான் கழற்றி மேசைமேல் வைத்திருந்த துணியைப் பார்த்தார். “இது என்னது?”

“அதோட உறை.”

“எப்பப் போடுவீங்க?”

“எப்பவும்.”

“ஓடும்போதுமா?”

“ஓடும்போதும்.”

அவர் என்னை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை இரக்கத்தோடு பார்த்தார்.

அந்த உறையை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்கா தைத்தாள். உடுப்பில்லாமல் ஒரு பொருள் நிற்பது அவளுக்குப் பிடிக்காது. அவள் வீட்டில் மிக்சி, கிரைண்டர், டிவி எல்லாம் உடுத்தித்தான் இருக்கும். ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குத் தனிச் சட்டை உண்டு. என் கேபினெட்டுக்கு, அரக்கு நிறத் திரைத்துணியில் கீழே சுருக்கம் வைத்துத் தைத்திருந்தாள். பின்னால் தொங்குகிற வயர்களுக்கென்று, பொத்தான் வைத்த ஒரு நீளத் துணிக்குழாய் வேறு. “பாம்புப் புத்துக்குப் பக்கத்துலயா ஒக்காந்து வேல பாக்க?” என்று கேட்டுவிட்டுத் தைத்தது அது. வயர்களை ஒழுங்கு பண்ணுவதற்கு உலகத்தில் என்னென்னவோ வழி இருக்கிறது. பொத்தான் வைத்தவள் அவள் ஒருத்திதான்.

அதைக் கொடுத்த மறுமாதம் அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பிழைத்துக்கொண்டாள். பேச்சுக்குப் பழுதில்லை, வாய் திறந்ததும் நர்ஸைத் திட்டினாள், நாங்கள் நிம்மதியானோம். வலது கை மட்டும் திரும்பவில்லை. அவளுடைய தையல் மிஷின் அதன் உறைக்குள்ளேயே இருந்துவிட்டது. கடைசியாக அவள் தைத்தது என் கம்ப்யூட்டருக்குத்தான்.

வாரம் ஒருநாள் கைக்குப் பயிற்சி கொடுக்க ராஜபாளையம் வருவாள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். வந்ததும் நேராக என் மேசைக்கு வந்து, இடது கையால் அந்தச் சுருக்கத்தை ஒருமுறை நீவிவிட்ட பிறகுதான் உட்காருவாள். இனிமேல் தைக்க முடியாதவள் தான் தைத்ததைத் தொட்டுப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றும். அதன்பிறகு உறையைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

ஆக, புதுக் கேபினெட்டில் காற்று ஓட வேண்டும். அந்த உறையும் அதற்குச் சேர வேண்டும்.

பஞ்சைத் தட்டிவிட்டுப் பழசையே ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் படித்தேன். குளிர்ந்த காற்று முன்னால் நுழைந்து, சூடு பின்னாலும் மேலேயும் வெளியேற வேண்டும். உள்ளே இருக்கும் மதர்போர்டுக்குப் பின்புறம் இரண்டு விரல் இடமாவது இருந்தால்தான் வயர்களை அங்கே ஒதுக்கிக் கட்டலாம். இந்த வீட்டைக் கட்டும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. எங்கள் படுக்கையறை அதற்கு இன்றும் சாட்சி.

பிறகு உறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஒவ்வொரு கேபினெட்டுக்கும் போட்டுப் பார்த்தேன். உறை கச்சிதமாகச் சேர்ந்த கேபினெட்டுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பது புழுங்கிச் சாகும். வலை வைத்த நல்ல கேபினெட்டிலோ உறை பாதியில் இறுகி நின்றது, போன தீபாவளிச் சட்டைக்குள் நுழையப் பார்க்கிற பிள்ளை மாதிரி.

“துணிக்கடைலதான் போட்டுப் பாத்து வாங்குவாக,” என்றார் கடைக்காரர். “இங்க நீங்கதான் சார் மொத ஆளு.”

மனைவிக்கு ஃபோன் போட்டு நிலவரத்தைச் சொன்னேன்.

“கண்ணாடிய வாங்குனா மறுபடியும் நிக்குமா?”

“நிக்கும்.”

“அப்ப வலையவே வாங்குங்க. மதினிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

“என்ன சொல்லுவ?”

“அதத்தான் யோசிக்கேன். நீங்க மொதல்ல வாங்கிட்டு வாங்க.”

வாங்கி வந்தேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, உள்ளே இருந்த வயர்களைப் பின்புறம் ஒதுக்கி, பட்டை போட்டுக் கட்டினேன். என் வாழ்க்கையில் ஒழுங்காக இருப்பது இப்போது அந்த ஓர் இடம்தான். அதையும் தகடு போட்டு மூடியாயிற்று.

மார்கழி. மலையில் மேகம் இறங்கி, வெயில் தலைகாட்டாத ஒரு நாளில், அந்த வாரமே அக்கா வந்தாள். அதற்குமுன் உறையைக் கேபினெட்டின்மேல் இழுத்து இழுத்துப் பார்த்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை. “வேட்டிய மடிச்சுக் கட்டுன மாதிரி இருக்கு,” என்றாள் மனைவி. யோசித்தாயிற்றா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். உறையை எடுத்து நாற்காலியில் போட்டேன்.

அக்கா மேசைக்கு வந்து கையை நீட்டினாள். சுருக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு வலை. கை அப்படியே நின்றது.

“என்னலே இது?”

“புதுக் கேபினெட்டு, அக்கா. பழசு சூடாகி நின்னு போச்சு.”

“ஏன் சூடாச்சு?”

என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் யோசனையின் முடிவு அதுதான் போலிருக்கிறது.

“ஓடும்போதும் உறையப் போட்டிருந்தேன்.”

அக்கா இடது கையால் தலையில் அடித்துக்கொண்டாள். “ஓடுற மிக்சிக்கு எவளாவது கவரு போடுவாளாலே?”

“நீ தச்சதுல்லா.”

“தூசி அடையக் கூடாதுன்னு தச்சேன். மூச்ச முட்ட வையின்னா சொன்னேன்?” சமையலறைப் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, இவன வச்சுக்கிட்டு எப்பிடிட்டி காலந்தள்ளுத?”

“பழகிட்டு மதினி,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பிறகு அக்கா நாற்காலியில் கிடந்த உறையைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. “இதுக்குப் பத்தலையோ?”

“கொஞ்சம்.”

எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. உறையை இடது கையால் எடுத்து, மடியில் போட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினாள். “பிளேடு எடுத்துட்டு வா.”

“எதுக்கு?”

“பக்கத்துல மூணு வரி தையல் கெடக்கு பாரு. உள்ள இருக்க ரெண்டு வரியப் பிரி. கீழ மடிச்சுத் தச்சிருக்கதையும் அவுத்து விடு. நீ என்னைக்குலே ஒண்ண வாங்கி அதோட நின்ன? அடுத்தது இதவிடப் பெருசாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

வளர்கிற பிள்ளைக்கும் ஜாக்கெட்டுக்கும் விடுவதுபோல, கம்ப்யூட்டருக்கும் துணி விட்டுத் தைத்திருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து பிரித்தேன். துணி நழுவாமல் இருக்க, தன் வலது கையை இடது கையால் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டாள். பிடிக்க முடியாத கை பாரமாக இருந்து கொடுத்தது. மடிப்புக்குள் வெளுக்காமல் கிடந்த அரக்கு நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

எழுந்து உறையைக் கேபினெட்டின்மேல் கொண்டுபோனேன்.

“இப்ப ஓடுதுல்லா? நிறுத்துன பொறவு போடு. இப்பத்தானலே சொன்னேன்.”

பக்கத்தில் பிடித்து மட்டும் அளவு பார்த்தோம். சேரும். அக்கா பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“வயரெல்லாம் எங்க?”

“உள்ள ஒதுக்கிட்டேன். வெளிய வாரதுக்கு உன் குழாய்தான்.”

சரிபார்க்கக் கையைப் பின்னால் விட்டவள் எடுக்கவில்லை. “வெதுவெதுன்னு வருதே.”

“உள்ள இருக்க சூட்ட ஃபேன் அந்தப் பக்கம் தள்ளுது.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி அந்தக் காற்றில் வைத்தாள். “இந்தக் குளிருக்கு இது மட்டும் தனியா வெறைக்குது,” என்றாள். விரல்கள் அசையவில்லை. அவள் முகம்தான் தளர்ந்தது. “இதமா இருக்குலே.”

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு, “கொறையுதே,” என்றாள்.

குறையத்தான் செய்யும். கனத்த வேலை ஓடினால்தான் சூடு வரும், அப்போது எந்த வேலையும் ஓடவில்லை. நான் மாதக்கணக்கில் படித்துத் தேர்ந்தெடுத்த கேபினெட் ஜில்லென்று இருந்தது. இருக்கிறதிலேயே பெரிய புத்தகமாக, பக்கத்துக்குப் பக்கம் படமாக உள்ள ஒன்றைத் திறந்து, மொத்தத்தையும் பிடிஎஃப் ஆக்கச் சொன்னேன். ஃபேன்கள் இரைய ஆரம்பித்தன.

“ம். இப்ப வருது.”

சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று என்று மனைவி கூப்பிட்டாள். “இந்தா வாரேன்,” என்றாள் அக்கா, எழுந்திருக்காமல். அந்தப் புத்தகம் முடிந்ததும் அதையே மறுபடியும் முதலிலிருந்து ஆக்கச் சொன்னேன்.