செருப்புப் போட்டுச் சாப்பிடும் வீடு

டிசம்பர் பிறந்தால் வைஜெயந்தி, தீவின் பெரிய கடைத்தெருவான அபர்தீன் பஜாருக்கு ஒரு நடை போய் வருவாள். நூருல்லா பாயின் கடையில் ஆறு வயதுப் பையனுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, நீல நிறத்தில். வேறு நிறம் காட்டினால் தலையை அசைத்துவிடுவாள்.

"போன வருஷமும் இதே சைஸ், அதுக்கு முந்தியும் இதே சைஸ். புள்ளைக்குக் காலே வளராதா தங்கச்சி?" என்று இந்த முறை பாய் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"வளராது பாய்" என்றாள் அவள். "கவர் வேணாம், அப்படியே குடுங்க."

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு, செருப்பை ஒருமுறை துடைத்து இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

புரோத்ராபூரில் அவள் வீடு இரண்டு அறையும் ஒரு அடுப்படியும்தான். பின்பக்கம் நாலைந்து பாக்குமரம், வாழை, அதைத் தாண்டினால் மேடு. அந்த மேட்டைப் பார்த்துத்தான் இந்த வீட்டுக்கு அவள் சம்மதித்தாள். வீடு பார்க்க வந்த அன்று அவள் கிணறு கேட்கவில்லை, கரண்ட் கேட்கவில்லை. கடல் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டாள். புருஷன் பாலகுமார் மின்சார இலாகாவில் லைன்மேன். இன்னொரு தீவான பாராடாங்கில் வேலை. லீவு கிடைத்தால் வீட்டுக்கு வருவான்.

காலைச் சாப்பாட்டில் வைஜெயந்தியை அந்தத் தெருவில் யாரும் மிஞ்ச முடியாது. இட்லி என்றால் ஆவி பறக்கும். கேப்பை அடைக்கு முருங்கைக்கீரை பின்பக்கத்து மரத்திலிருந்து வரும். லீவு நாளென்றால் தேங்காய்ப்பூ தூவிய புட்டும் தோட்டத்துப் பழமும். கடையில் வாங்கிய பாக்கெட் எதுவும் அந்தத் தட்டில் ஏறாது. ஆனால் அந்த வீட்டில் சாப்பிடுவதற்கு ஒரு சட்டம் இருந்தது. பின்கதவு திறந்திருக்க வேண்டும், அடைமழை பெய்தாலும். தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது. முக்கியமாக, எல்லார் காலிலும் செருப்பு இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு வசந்தகுமாரிக்கு இது தாங்காது. மானாமதுரையிலிருந்து கல்யாணமாகித் தீவுக்கு வந்தவள். "அடுப்படியில சாமி படத்தை வச்சுக்கிட்டு செருப்புக் காலோட இட்லி திங்கிறீகளே. முருகனுக்கும் ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிட வேண்டியதுதான?" என்பாள்.

"அவருக்கு மயில் இருக்குக்கா, பறந்துருவாரு. நாமதான் ஓடணும்" என்பாள் வைஜெயந்தி. சிரிக்காமல்தான் சொல்வாள்.

அந்தப் பதிலுக்குப் பின்னால், அவள் சின்ன வயதில் இருந்த கடலோர ஊரான ஹட்பே இருந்தது. சுனாமி வந்த வருஷம் அவள் அங்கே ஒன்பது வயதுப் பெண். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அம்மா இடியாப்பம் பிழிந்து தேங்காய்ப்பால் எடுத்து வைத்திருந்தாள். லீவு நாளில்தான் இடியாப்பம் என்பது அந்த வீட்டு வழக்கம். வைஜெயந்தியும் ஆறு வயதுத் தம்பி விஜயனும் ஒரே தட்டில் கை வைத்திருந்தபோது தரை ஆடியது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். ஆட்டம் நின்று, தெருவே பேசிக்கொண்டு நின்ற நேரத்தில்தான் கடல் வருகிறது என்று யாரோ இந்தியில் கத்தினார்கள். அம்மா முன்னால் ஓட, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு இவள் பின்னால் ஓடினாள். ரோட்டுக்குக் கொட்டியிருந்த ஜல்லி, வெறுங்காலில்.

"குத்துதுக்கா" என்றான் விஜயன்.

தேங்காய்ப்பால் வழுவழுத்த கை. உருவிக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பி ஓடினான். அவனுடைய நீலச் செருப்பு அடுப்படி வாசலில் கிடந்தது. ஓடின முதுகுதான் அவள் கடைசியாகப் பார்த்தது.

அதற்குப் பிறகு சில காலை வேளைகளில், இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது, பின்பக்கம் ஈரத்தரையில் சின்ன ரப்பர் செருப்பு டப் டப் என்று அடிப்பது அவளுக்குக் கேட்கும். எட்டிப் பார்த்தால் பாக்குமரம் நிற்கும். அந்தச் சத்தத்தைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. பின்கதவோரம் யாரும் போடாத அந்த நீல ஜோடியை மட்டும் வைத்திருந்தாள். மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும். கழுவிக் காயவைப்பாள். டிசம்பரில் புதிதாக மாற்றுவாள். மாமாவுடையது என்று அவள் ஒருமுறை சொன்னதால் பிள்ளைகள் அதற்கு 'மாமா சப்பல்' என்று பேர் வைத்திருந்தார்கள். தொடக் கூடாது என்பது தெரியும். ஏன் என்று தெரியாது.

டிசம்பர் இருபத்தாறு மட்டும் அவள் அடுப்புப் பற்றவைப்பதில்லை. பிளாஸ்கில் டீ, ரஸ்க், வீட்டுக்கு வெளியே நின்றபடி. தெருவில் நட்சத்திர விளக்குகள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்கூல் லீவு. மற்ற வீடுகளில் கேக் மிச்சமிருக்கும்.

இந்த வருஷம் பாலகுமார் லீவில் வந்திருந்தான். மூத்தவள் சங்கவிக்கு ஒன்பது வயது. சின்னவன் முகிலனுக்கு ஆறு முடிந்திருந்தது. அவன் கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சில நாட்களாக வைஜெயந்தி பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறாம் தேதி காலை அவள் கண் விழித்தபோது வீடு முழுக்கத் தேங்காய்ப்பால் வாசனை. ஒரு கணம் ஹட்பேயில் கிடக்கிறோம் என்றே நினைத்தாள். படபடவென்று எழுந்து காலைத் தரையில் வைத்துத் துழாவினாள். கட்டிலோரம் செருப்பு இல்லை.

அடுப்படியில் அப்பனும் மகளும் மாவு பூசிய முகத்தோடு நின்றார்கள். பாலகுமார் இடியாப்ப அச்சை மூச்சைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். தரையில் வாழை இலை விரித்திருந்தது. யார் காலிலும் செருப்பில்லை. பின்கதவு திறந்திருந்தது, பக்கத்தில் நீல ஜோடி மட்டும்.

"சப்பலெல்லாம் எங்க?" அவள் குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது.

"ஒளிச்சு வச்சாச்சு" என்றான் முகிலன். "இன்னைக்கு சுட்டிதானம்மா, ஸ்கூல் லீவுதான. எல்லாரும் கீழ உக்காந்து சாப்பிடப் போறோம். வசந்தி ஆன்ட்டி வீட்டுல மாதிரி."

"என்னோட ஐடியாம்மா, அப்பாவைத் திட்டாத" என்றாள் சங்கவி. "ஒரே ஒரு தடவை. எங்களுக்கு இடியாப்பமே பண்ணித் தந்ததில்லல நீ."

பாலகுமார் அச்சைக் கீழே வைத்தான். அவனுக்கு ஹட்பே விஷயம் தெரியும். "வைஜி, வேணாம்னா வேணாம். ரஸ்க் வாங்கித்தான் வச்சிருக்கேன். ஆனா வருஷம் பூரா புள்ளைங்க ஓடுறதுக்குத் தயாரா நின்னுக்கிட்டே திங்கிதுங்க. அதான்."

அவள் பிள்ளைகளின் வெறுங்கால்களைப் பார்த்தாள். செருப்பு வார் போட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரை சில்லென்று ஏறியது.

முகிலன் அவள் இலையில் பாலை ஊற்றினான். அது இடியாப்பத்தைத் தாண்டி வழிந்தது. "ஜல்தி சாப்பிடும்மா, ஊறிப்போயிரும்." இரண்டு வாய் உள்ளே போனது. அம்மா வைத்த அதே ருசி இல்லை. உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதுவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது வாய்க்குக் கையெடுத்தபோது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

இந்தத் தீவில் அது புதிதல்ல. வசந்தகுமாரி வீட்டுப் பக்கமிருந்து "பூகம்ப், பூகம்ப்" என்று யாரோ அலுப்போடு சொல்வதுகூடக் கேட்டது. ஆனால் வைஜெயந்தி பட்டென்று கை தட்டினாள். அவள் பழக்கி வைத்தபடி, கை தட்டினால் பின்கதவு. சங்கவி ஓடினாள், பாலகுமார் ஓடினான், அவளும் ஓடினாள். பாக்குமரத்தடியில் நின்று திரும்பினாள்.

முகிலன் இல்லை.

"உன் பக்கத்துலதான உக்காந்திருந்தான்" என்றான் பாலகுமார்.

வீட்டைப் பார்த்தாள். திறந்த கதவு. உள்ளே இருட்டு. வாசலோரம் நீலச் செருப்பு இல்லை. மரம் ஆடுகிறதா, தான் ஆடுகிறோமா என்று தெரியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்போது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. டப் டப், டப் டப். இத்தனை வருஷம் வெளியிலிருந்து கேட்டது, இப்போது வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அவள் வாயிலிருந்து வந்த பேர் மகனுடையதல்ல.

கதவைத் தாண்டி முகிலன் வந்தான். காலில் மாமா சப்பல், அளவெடுத்துச் செய்தது போல். நெஞ்சோடு சேர்த்து எல்லாருடைய செருப்பையும் அள்ளிக்கொண்டு வந்தான்.

"அரிசி டிரம்முக்குப் பின்னாடிதான் ஒளிச்சேன்" என்றான் மூச்சு வாங்க. "நீதான சொல்லுவ, சப்பல் இல்லாம வெளிய காலை வைக்கக் கூடாதுன்னு. உனக்குக் குத்தும்லம்மா."

ஆட்டம் எப்போதோ நின்றிருந்தது. வைஜெயந்தி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் திரும்பி ஓடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சட்டம். அந்தச் சட்டம்தான் இப்போது பிள்ளையை உள்ளே திருப்பி அனுப்பியிருந்தது. ஹட்பே ஜல்லிரோட்டில் தம்பியைத் திருப்பி ஓடவைத்ததை அவளே பத்திரமாக எடுத்துவந்து, வளர்த்து, மகன் காலில் மாட்டிவிட்டிருக்கிறாள்.

மகனை இழுத்து மடியில் போட்டு, செருப்பைக் கழற்றினாள். அவன் பாதத்தைக் கையால் துடைத்தாள். குட்டிப் பாதம், சூடாக இருந்தது.

"இங்க பாருங்க ரெண்டு பேரும்" என்றாள். "இனிமே சப்பலுக்காக யாரும் உள்ள போகக் கூடாது. குத்தினா குத்தட்டும். ரத்தம் வந்தா வரட்டும். ஓடிக்கிட்டே இருக்கணும். அம்மா கைய விடக் கூடாது."

"அப்ப முன்னாடி சொன்னது?" என்று கேட்டாள் சங்கவி.

"அது தப்பு."

"மாமா சப்பலைப் போட்டதுக்கு அடிப்பியா?" என்றான் முகிலன்.

"இல்லடா. உனக்குத்தான். தேயத் தேயப் போட்டுக்கோ."

வேலிக்கு அப்பால் வசந்தகுமாரி தலை தெரிந்தது. அள்ளிப் போட்ட செருப்புகளையும் வெறுங்காலோடு நிற்கிற குடும்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன வைஜி, கடை போட்டுட்டியா?" என்றாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் சர்க்கரை கொண்டுவந்து வேலி மேல் நீட்டினாள். "தேங்காய்ப்பால் வாசம் வந்துச்சு. தொட்டுக்கங்க."

செருப்பையெல்லாம் வைஜெயந்தி முன்வாசலுக்கு வெளியே, ஊரில் எல்லாரும் விடுகிற இடத்தில், வரிசையாக விட்டாள். நீல ஜோடி வரிசையின் ஓரத்தில் இருந்தது. பின்கதவை மட்டும் சாத்தவில்லை. அது அவளால் முடியாது.

மறுபடி தரையில் உட்கார்ந்தார்கள். இடியாப்பம் ஊறிக் குழைந்திருந்தது. முகிலன் அவள் தொடையில் சாய்ந்து சர்க்கரையாகப் பார்த்து நக்கிக்கொண்டிருந்தான். ஆவி அடங்கிய அந்த நேரத்தில் பின்பக்கம், வாழைக்கு அந்தப் பக்கம், சின்னக் காலடி ஒன்று தயங்கியது போல் கேட்டது. பாலகுமார் தலை நிமிரவில்லை. பிள்ளைகளும் நிமிரவில்லை.

வைஜெயந்தி எழுந்து பார்க்கவில்லை. இலையில் ஒரு ஓரத்தை ஒதுக்கியபடி, திறந்த கதவைப் பார்த்து உதட்டுக்குள் சொன்னாள்: "செருப்பு வேணாம்டா விஜயா. அப்படியே ஓடி வா."