பின் சீட்டில் வந்த இரைச்சல்

பின் சீட்டிலிருந்து வந்த அந்த இரைச்சலை மச்சானின் மூச்சு என்றுதான் நான் முதலில் நம்பினேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே சிரித்துவிடலாம். போகப் போக அதற்கு அவ்வளவாக வாய்ப்பிருக்காது. தேனி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மலை ஏறிக்கொண்டிருந்தோம். மச்சான் பின் சீட்டில் அக்காவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாய்ந்து கிடந்தார். புஸ்ஸென்று விடாமல் ஒரு சத்தம். ஏற்றம் கூடக் கூட அதுவும் கூடியது. நெஞ்சில் நீர் கோத்துவிட்டால் மூச்சு இரைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தது மண்டைக்குள் ஓட, ஒரு வளைவில் வண்டியைப் பாதி ரோட்டிலேயே நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தே என் குலத்தைத் திட்டியது. நான் கதவைத் திறந்து, அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மச்சான், மூச்ச விடுங்க மச்சான், மூச்ச விடுங்க!"

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "ஏலே, இம்புட்டு நேரம் அந்தச் சோலியத்தானே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீ வந்து உலுக்குனதுக்கப்புறம்தான் முட்டுது."

அவர் பேசி முடித்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. சீட்டின் பக்கவாட்டில் சீப்புப் பல் இடைவெளி போல வெட்டிவிட்ட சில கீறல்கள் உண்டு. அதன் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ளே, எளைக்கிறது நான் இல்ல. ஓங் காரு."

அது ஹைபிரிட் கார். பாதி பெட்ரோலிலும் பாதி கரண்ட்டிலும் ஓடும். கரண்ட்டுக்கான பெரிய பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது; அது சூடாகாமலிருக்க ஒரு விசிறி அந்தக் கீறல்கள் வழியாகக் காற்றை இழுக்கிறது. இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். பழைய வண்டியாக எனக்கு விற்ற புண்ணியவான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சத்தமே வராதுங்க."

மச்சான் என் அக்காவின் கணவர். எங்கள் பூம்பாறைப் பக்கத்துப் பூண்டையும் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் லாரியில் கீழே இறக்கியே ஆயுளைக் கழித்தவர். பின் சீட்டில் படுத்திருந்தாலும் வளைவு வந்தால் அவருடைய இடது கை கியரைத் தேடும். சர்க்கரை அவருடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. புதனும் சனியும் தேனிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு முறை தவறினால் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். முதலில் பாதம் வீங்கும், பிறகு முகம், அதற்குப் பிறகு நெஞ்சு. பஸ்ஸில் போனால் வளைவுகளில் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுப்பார். ஆகவே என் கார். சீசனில் சுற்றுலாக்காரர்களையும் சந்தை நாளில் பூண்டையும் சுமந்த அந்தக் கார், புதனும் சனியும் மச்சானைச் சுமந்தது. அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அக்கா அளந்து கொடுப்பாள். வழியில் டீக்கடையில் நிறுத்தினால், "நீ குடி மாப்ளே, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார். உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த டீ எனக்கு இறங்கியதே இல்லை.

இரைச்சல் கேட்ட சில நாட்களில் காரின் திரை என்னிடம் பேச ஆரம்பித்தது. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற கோடுகள் ஏறுவதும் சரிவதுமாகப் பேயாட்டம் ஆடின. கொடைக்கானலில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறவர் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ள பாதி செல்லு வீக்காயிருச்சு சார். இங்க ஒண்ணும் பண்ண முடியாது. பெரிய எடமாப் பாத்துக் கொண்டு போங்க. எவ்வளவு நாள் தாங்கும்னு கேக்காதீங்க."

மச்சானுக்கு ஒரே குஷி. "ஏலே, டாக்டர் எனக்குச் சொன்னத ஒரு எழுத்து மாத்தாமச் சொல்றாருடா!"

மதுரைக்குக் கொண்டு போயிருக்கலாம். வண்டியை வாரக்கணக்கில் அங்கே வைத்துக்கொண்டால் மச்சானை யார் கொண்டு போவது? அதனால் பேட்டரியை நானே பொத்திப் பொத்திக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தேன். என் அறிவு அந்த நாட்களில் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் காரைவிட எனக்குத்தான் முதலில் கருவியைச் செருகியிருக்க வேண்டும். பாட்டை நிறுத்தினேன். போனுக்குச் சார்ஜ் போட விடவில்லை. மூடுபனியில் கண்ணாடி வேர்த்தால் அக்காவின் துண்டால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். ஹாரனும் கரண்ட்டுதானே என்று, வளைவுகளில் தலையை வெளியே நீட்டி "ஹோய்" என்று கத்தினேன். மச்சான் பின்னாலிருந்து, "நல்லாத்தான் கத்துற. காட்டெரும ஏதாச்சும் சொந்தக்காரன்னு நெனச்சு வந்துரப் போகுது" என்றார்.

இன்னொரு யோசனையும் இருந்தது. அது அவருடையது. "எறக்கத்துல எஞ்சினுக்கு என்னடா சோலி? நியூட்ரல்ல விடு. அது பாட்டுக்கு உருளும். பேட்டரியும் செத்த நேரம் தூங்கும்." டீசல் மிச்சம் பிடிக்க மலையில் லாரி ஓட்டியவர்களின் கையில் ஊறிப்போன பழக்கம் அது. நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று ரோட்டோரத்தில் பலகை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே நியூட்ரலில் இறங்கினோம். பெருமாள்மலையிலிருந்து அடிவாரம்வரை வண்டி பூப்போல உருளும். நான் பேட்டரிக்குத் தாலாட்டுப் பாடுகிற மனநிலையில் இருப்பேன். கோடுகளோ முன்னைவிட வெரசாகக் குறைந்தன. குறையக் குறைய இன்னும் அதிகமாக நியூட்ரலில் விட்டேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை, மலைப்பாதையில் மரமும் மண்ணும் சேர்ந்து விழுந்து ரோட்டை அடைத்துவிட்டன. போக முடியவில்லை. சனிக்கிழமைக்குள் மச்சானின் கால்கள் செருப்புக்குள் நுழைய மறுத்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தார். முகம் வேறு யாரோ ஒருவருடையதாக இருந்தது. போனில் டாக்டர், எப்படியாவது கொண்டு வாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரிதான் ரோடு திறந்திருந்தது. வெள்ளனே கிளம்பினோம். அக்கா அவர் முதுகுக்குத் தலையணை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "பாத்துப் போ தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

ரோட்டோர அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் திரையில் ஒரு சிவப்பு முக்கோணம் வந்தது. மறு நொடி திரையே இருண்டது. பிரேக் கல்லை மிதிப்பதுபோல ஆனது. கைப் பிரேக்கை இழுத்து, ரோட்டோரச் சுவரில் உரசித்தான் நிறுத்தினேன். வண்டியில் எந்தச் சத்தமும் இல்லை. அதனால் மச்சானின் மூச்சு தெளிவாகக் கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பதுபோல இருந்தது. இதைத்தான் அன்றைக்கு விசிறிச் சத்தத்தோடு குழப்பிக்கொண்டேனா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"மாப்ளே... பட்டன... நோண்டாத... எறங்கி... கையக் காட்டு."

இறங்கிக் கை காட்டினேன். மேலே ஏறிவந்த சுற்றுலாக் கார்களில் ஒன்றிரண்டு பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போயின. பிறகு கிளாவரையிலிருந்து தேனிக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போகிற லாரி ஒன்று நின்றது. அதன் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், நம்ம அண்ணனில்ல?" என்று குதித்து இறங்கினார். எத்தனையோ வருடம் வளைவுகளில் மச்சானுக்கு எதிரே வந்து வழிவிட்டவர். கேபின் உயரம், மச்சானால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. நானும் அவரும் மூட்டை ஏற்றுகிற மாதிரி பின்னாலிருந்து முட்டுக் கொடுத்து ஏற்றினோம். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, டேஷ்போர்டைப் பிடித்தபடி வந்தார். கண்ணை மூடியிருந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவில் மட்டும் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"செகண்டு... செகண்டப் போடச் சொல்லு."

"போட்டுட்டேண்ணே, போட்டுட்டேன்" என்றார் டிரைவர். 

அன்று பிழைத்தார். மெஷின் அவருக்குள்ளிருந்த நீரை இறக்கியது. சாயங்காலம் கண்ணில் பழைய குறும்பு திரும்பியதும் முதல் கேள்வி, "காரு என்னாச்சு?"

"செத்துருச்சு மச்சான்."

"அடப் பாவமே. அதுக்கு யாரும் மெஷின் போட்டு விடலையா?"

மச்சானை அக்காவோடு தேனியில் ஒரு ரூமில் தங்கவைத்துவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். அங்கே மெக்கானிக் பின் சீட்டைத் தூக்கி, விசிறியைக் கழற்றி, உள்ளே விரல்களை விட்டு ஒரு கைப்பிடி எடுத்தார். பூண்டுத் தோல். வெள்ளையும் ஊதாவுமாக, மெத்தை தைக்கிற அளவுக்கு. சந்தை நாளில் மூட்டைகளை அந்தக் கீறல்களை ஒட்டித்தான் அடுக்குவேன். காற்றுக்குப் பதிலாக அந்த விசிறி ஒரு வருடமாகப் பூம்பாறைப் பூண்டின் சருகைச் சுவாசித்திருக்கிறது, பேட்டரி வெந்தேவிட்டது. "பூண்டு ஏத்துனீங்களா சார், இல்ல இதுக்குள்ளயே நட்டீங்களா?" என்றார். நியூட்ரல் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சார், இறக்கத்துல கியர்ல வந்தாத்தான் இது சார்ஜ் ஏத்திக்கும். நியூட்ரல்ல விட்டா ஒரு சொட்டு ஏறாது. அதோட சோறே அந்த இறக்கம்தான்."

மச்சானிடம் சொன்னபோது இருமல் வரும்வரை சிரித்தார். "வெந்தது வேற, ரெண்டு பேரும் சேந்து பட்டினி வேற போட்டிருக்கோம்டா!"

அந்த வருடத்துப் பூண்டு முழுக்க, விதைக்கு எடுத்து வைத்ததும் சேர்த்து, ஒரு புதுப் பேட்டரியாக மாறியது. மாற்றச் சொன்னதே அக்காதான். நான் கீறல்கள்மேல் கொசுவலைத் துணி கட்டினேன், மூட்டைகளை டிக்கிக்கு மாற்றினேன், இறக்கங்களில் கியரிலேயே இறங்கினேன். கோடுகள் மளமளவென்று நிறைந்தன. நான் என்னவோ அணையைத் திறந்து வைத்த அமைச்சர் மாதிரி மச்சானைத் திரும்பிப் பார்ப்பேன். அவர் தலையாட்டுவார்.

"இதுக்குப் புதுசு மாத்திட்ட. எனக்குப் பழசாவது கெடைக்குமான்னு கேட்டுப் பாரு மாப்ளே."

ஒவ்வொரு பயணத்திலும் இதைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் சிரிப்பேன். அக்கா தன் கிட்னியைத் தருவதாக எப்போதோ சொன்னாள். அந்த ஆபரேஷனை அவருடைய இதயம் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிரிக்காவிட்டால் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கோடுகளைப் பார்ப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. பேட்டரியைப் பற்றி நான் அவ்வளவு பதறியதற்கு வேறு காரணம் இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ஏதாவது செய்ய முடிந்தது, அவ்வளவுதான்.

இப்போதும் அந்தக் காரைத்தான் ஓட்டுகிறேன். ஏற்றத்தில் விசிறி சுற்ற ஆரம்பித்ததும் பின் சீட்டுச் சுற்றுலாக்காரர்கள் என்ன சத்தம் என்று கேட்பார்கள். பேட்டரி விசிறி என்பேன். நல்ல வண்டிதானா, வழியில் நின்றுவிடாதே என்று சிலர் கேட்பதுண்டு. நிற்காது என்பேன். பொய்யில்லை.

அந்த வருடம் மழை விட்டபிறகு வந்த ஒரு புதன்கிழமையில் மச்சானைத் தேனிக்கு அழைத்துப் போனேன். நல்ல வெயில். கார் எங்கும் நிற்கவில்லை. அன்று வார்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள்தான். அவராகவே நடந்து போய்க் கட்டிலில் படுத்தார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இதயம் நின்றுவிட்டது.