ஒன்றுக்கும் உதவாது என்றொரு சான்றிதழ்

இங்கிலாந்தின் வடக்கே நான் ஆய்வு செய்ய வந்த பல்கலைக்கழகத்தில், ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்களைக் கட்டுக்கட்டாகக் குப்பைக்கூடையில் போடுவார்கள். வந்த புதிதில் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. இலங்கையில், எங்கள் ஊர் கல்முனையில், எழுதி முடிந்த கொப்பித் தாள்கூடக் கடைக்குப் போய்ச் சீனி சுற்றும். ஆகவே என் கணக்குத் தாள்களின் வெறும் பின்பக்கங்களில் ஊருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அண்ணன், அவன் வாயில் காக்கா, என்ன படிக்கிறார் என்று தம்பி நசீர் பார்க்கட்டுமே! அவனும் அந்தக் கடிதங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இறக்காமத்து வயலுக்குப் போகும் வழியெல்லாம் கண்டவர்களுக்குக் காட்டுவானாம். எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊரில் இராணுவத்தின் சென்றிக் காவலரண்களும் சுற்றிவளைப்புகளும் பெருகியிருந்தன. எனக்கு அது புத்தியில் உறைக்கவில்லை.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். மிகச் சிறிய உலோகப் பெட்டி ஒன்று. அதன் உட்சுவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும். அதற்குள் ஓர் அணு. வெட்டவெளியில் என்றால், அணு தன் ஒளியைக் கொடுத்துவிட்டால் போனது போனதுதான். பெட்டிக்குள் கொடுத்த ஒளி திரும்பி வரும். அணு அதை வாங்கிக்கொள்ளும், மறுபடி கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சமன்பாடுகளில் கணிப்பதுதான் என் ஆய்வு. அப்படியொரு பெட்டியை நான் கண்ணால் கண்டதுகூட இல்லை. சுவர் வழியே ஒளி துளியும் கசியாது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கையே தொடங்குவேன். தாளில் ஒரு சதுரம், நடுவில் ஒரு புள்ளி, மேலும் கீழுமாக அம்புகள். ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘அணு’, ‘நுழையும் நேரம்’, ‘வெளியேறும் நேரம்’ என்று குறிப்புகள்.

ஒரு காலை, துறை அலுவலகத்துக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. புடவைக் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்கு வந்திருந்த என் தங்கையின் கணவர் பேசினார்.

“மச்சான், நசீர ஆமி புடிச்சிட்டான். வயலுக்குப் போகக்குள்ள சென்றியில மறிச்சி, பொக்கட்டுக்குள்ள இருந்த உன்ட கடிதத்த எடுத்திருக்கானுகள். பின்னுக்கு என்னத்தடா கீறி வெச்சிருக்காய்?”

“கணக்கு மச்சான். வெறும் கணக்கு.”

“அணு எண்டு எழுதிக் கெடக்காமே. குண்டு எண்டும், சதுரம் கேம்புட படம் எண்டும் நெனச்சிட்டானுகள். யாரு நுழையிற, எப்ப வெளியேறுற எண்டு கேட்டுக் கேட்டு அடிக்கானுகளாம். இது ஒண்டுக்கும் உதவாத கணக்கு எண்டு உன்ட பெரியவர்ட்ட ஒரு கடிதம் எடுத்து அனுப்பு. சுணங்காத.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். துவக்கை நீட்டிக்கொண்டு நிற்பவனும் அரண்டவனாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை நினைக்கவே எனக்குத் துணிவில்லை. என் பேராசிரியரின் அறைக்கு ஓடினேன். நல்ல மனிதர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “உன் தம்பியும் பௌதிகம்தான் படிக்கிறானா?” என்றார். இல்லை, வேளாண்மை செய்கிறான் என்றேன். உடனே பேனாவை எடுத்து, இது மிகவும் முக்கியமான ஆய்வு, எதிர்காலத்தில் புதிய கருவிகள் பல இதிலிருந்து வரக்கூடும் என்று எழுதிக் காட்டினார். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார், பாவம். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“சேர், ‘கருவி’ என்ற சொல் வேண்டாம். இதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்று எழுதுங்கள்.”

“அப்படி எழுதினால் உன் எதிர்காலம்?”

“என் தம்பிக்கு முதலில் எதிர்காலம் வேண்டும், சேர்.”

முதலில் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். பிறகு, இந்த ஆய்வு கற்பனையான ஒரு பெட்டியைப் பற்றியது, இதைக்கொண்டு எதையும் செய்ய முடியாது, எவருக்கும் இது உதவாது என்று எழுதிக் கையொப்பமிட்டு, துறையின் முத்திரையையும் குத்திக் கொடுத்தார். மறுநாள் கொழும்புக்குப் பறந்த மாணவர் ஒருவர் கையில், மச்சானிடம் சேர்க்கச் சொல்லி அதைக் கொடுத்தனுப்பினேன்.

அதற்குப் பிறகு காத்திருந்த நாள்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் மணி அடித்தால் நெஞ்சு பதறும். அடிக்காவிட்டால் அதைவிடப் பதறும். தொழும்போதும் துஆக் கேட்கும்போதும் அவனை அடிக்கிற கைதான் கண்ணுக்குள் வந்தது. என் மேசையில் ஒரு வரைபடம் கிடந்தது. பெட்டிக்குள் நிறைய ஒளி இருந்தால் அணுவின் துடிப்பு சிறுகச் சிறுக அடங்கி, நெடுநேரம் அசைவற்றுக் கிடந்து, பிறகு தானாகவே மீண்டு எழும். எப்போது எழும் என்றுகூட என்னால் கணக்கிட்டுச் சொல்ல முடியும். நசீர் எப்போது வருவான் என்று சொல்ல எனக்கு ஒரு கணக்கும் தெரிந்திருக்கவில்லை.

பதினோராம் நாள் அவனை விட்டுவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஒரு மாதம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. பேசுவதைப் போலவே எழுதுகிறவன் அவன். அடித்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

“காக்கா, உங்கட பெரியவர்ர கடிதத்த ஆமி ஐயா எல்லாருக்கும் வாசிச்சிக் காட்டினார். இதப் படிக்கவா உன்ட காக்கா அவ்வளவு தூரம் போன எண்டு கேட்டுச் சிரிச்சானுகள். அடி வாங்கக்குள்ளயும் நான் அழல்ல. அப்ப அழுதிட்டேன். அந்தக் கடிதத்தில இருக்கிறது மெய்தானா காக்கா?”

அந்த வருடமே என் ஆய்வேடு முடிந்தது. இந்த நாட்டில் வேலை கிடைக்க வேண்டுமே என்று, அதன் பயனைப் புகழ்ந்து பேராசிரியர் ஒரு பரிந்துரைக் கடிதம் தந்தார். எவருக்கும் உதவாது என்ற அந்தச் சான்றிதழின் பிரதியும் என்னிடம் இருந்தது. இரண்டிலும் ஒரே கையொப்பம், ஒரே முத்திரை. இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு நசீருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரு பக்கமும் வெறுமையான புதுத் தாளில் ‘அன்புள்ள தம்பிக்கு’ என்று எழுதிவிட்டு, அந்த இரண்டு கையொப்பங்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.