அரிசித் தொட்டில்

காலை பதினொரு மணிக்குக் கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது கணேஸ்வரன் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தான். உள்ளே குழந்தை இல்லை. மகன் செல்வா இறந்தபோது இருந்த எடைக்கு ஓர் அரிசிப் பை. கனம் இல்லாவிட்டால் துணித் தொட்டில் தொங்கும் ஸ்பிரிங் ஆடாது என்பான்.

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம், லயத்து வீடுகளில் பாதி காலியாகிவிட்ட தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறான். முதல் நடையை ஆலையில் இறக்கியதும் குளித்து, திருநீறு பூசி, தன் வீட்டைத் தாண்டி அடுத்த காலி வீட்டுக்குள் நுழைந்துவிடுவான். மகன் போனதிலிருந்து தொட்டிலும் படுக்கையும் அங்கேதான். முனியாண்டிக்கு நேர்ந்த விரதம். விந்தைச் சேர்த்துவைத்தால் ஆண்தான் தங்கும், அதுவும் செல்வாவே திரும்பி வருவான் என்று நம்புகிறான்.

"அப்பா வந்துட்டேன்டா. எறும்பு கடிச்சுச்சா?" என்று தொட்டிலிடம் கேட்பான். பதிலுக்குக் காத்திருப்பான். பிறகு சிரிப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் மனைவி தனேஸ்வரிக்கு அந்தச் சிரிப்புதான் குலை நடுக்கம்.

"நீங்க இங்க படுத்துக்கிட்டா புள்ள முனியாண்டிக்கா பொறக்கும்? எனக்கும் வயசு நாப்பது ஆவுது லா" என்பாள். அவள் நச்சரிப்புக்காகத்தான் விந்து டெஸ்டுக்குப் போனான்.

ஸ்பீக்கரில் போட்ட போனில் நர்ஸ் சந்திரிகா. "அண்ணே, ரொம்ப நாள் சேத்து வச்சிட்டீங்க. நெறைய இருக்கு, ஆனா பழசாகி நீந்தாமக் கெடக்கு. ரெண்டு மூணு நாள் இடைவெளி போதும், அண்ணே."

"அப்ப ஆம்பளப் புள்ள?"

"விரதம் இருந்தா ஆம்பளதான்னு எந்த டாக்டரும் சொல்லமாட்டாரு."

வாசலில் கஞ்சித் தூக்கோடு நின்ற தனேஸ்வரிக்கு எல்லாம் கேட்டது.

"பொண்ணா வந்தா?" என்றான், அவளைப் பார்க்காமல்.

"நம்ம புள்ள. செல்வா வரமாட்டான்." கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள். "அந்த அரிசிய எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. பொடச்சு ஒலையில போடறேன்."

பையின் தலைப்பக்கம் ஒரு கையை அணைகொடுத்துத் தூக்கினான். உள்ளே ஏதோ மெல்ல ஊர்ந்தது. மூச்சடக்கி, பிரித்துப் பார்த்தான். வண்டு. அரிசி முழுக்க வண்டு.

தொட்டில் துணியைக் கழற்றக் கொக்கிவரை கையை உயர்த்தினான். பிறகு கையை இறக்கி, பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். துணி இன்னும் கொக்கியில் இருக்கிறது.